மூன்று மாதக் குறை

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே மேற்குக் காற்று எழுந்துவிட்டது. ஏவ்ரில் பாஸ்கோ கொடியில் போட்ட துணிகளை அரை ஈரத்திலேயே உருவிக் கூடையில் போட்டாள். கோதுமை வயல்களுக்கு அப்பால் வானத்தின் விளிம்பு செங்கல் நிறத்தில் கிடந்தது. மதியத்துக்கு மேல் புழுதி வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. வானொலி சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

யூகலிப்டஸ் மரத்தில் கூடு கட்டியிருந்த மாக்பைப் பறவை ஒன்று தலைக்கு மேல் சீறிப் பாய்ந்து போனது. அவள் குனியவில்லை. இந்த அறுபத்தாறு வயதில் முல்யாரா ஊரில் எதற்கும் குனிந்து அவளுக்குப் பழக்கமில்லை.

ஆனால் இன்று மாலை ஐந்து மணிக்கு டென்ஹோம் மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பம் மூடுகிறது. அதை நினைத்தபோது மட்டும் கை ஒரு கணம் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி உதவிச் சங்கத்தின் தேநீர்க் கூட்டத்தில் அவளேதான் எழுந்து நின்று அறிவித்தாள். "என் தம்பி மக சிட்னிக்குப் போகப் போறதில்ல. டென்ஹோம்ல படிச்சு, இதே ஊருக்கு டாக்டரா வருவா. பாஸ்கோ குடும்பத்தோட வார்த்தை இது." நாற்பது பேர் கைதட்டினார்கள். மூன்று வருஷமாக நிரந்தர டாக்டர் இல்லாத ஊர். பதினைந்து நாளுக்கு ஒரு புது முகம் வரும், நோயாளியின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் போய்விடும். ஆண்கள் வார்டின் கதவில் ஏவ்ரிலின் தாத்தா பெயர் இன்னும் பித்தளையில் மின்னுகிறது. அந்த வார்டில் படுத்திருப்பவர்களைப் பார்க்கத்தான் டாக்டர் இல்லை.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பிரைடி வந்தாள். பதினேழு வயது. நெடுநெடுவென்று பாஸ்கோ உயரம். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். கையில் ஒரு கற்றைத் தாள்.

"அத்தை, எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துட்டேன். ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி."

"எந்தப் பக்கம்?"

"நாம பேசாம இருக்கோமே, அந்தப் பக்கம்."

ஏவ்ரில் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பின்பலகையைத் தொடாது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் தலைமை நர்ஸாகவும் இருந்தபோதும் தொட்டதில்லை.

பிரைடி தாளை மேசையில் விரித்தாள். கிராமப்புற ஒதுக்கீட்டுக்கான வசிப்புச் சான்று. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து மொத்தம் பத்து வருஷம் கிராமத்தில் வசித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடர்ந்து ஐந்து வருஷமாவது. பிரைடியின் மதிப்பெண்ணுக்கு இந்த ஒதுக்கீடு இருந்தால் டென்ஹோமில் இடம் நிச்சயம். இல்லாவிட்டால் டென்ஹோமும் இல்லை, எங்கும் இல்லை.

"கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். பாலர் வகுப்புலேர்ந்து நாலாம் வகுப்பு பாதி வரைக்கும் இங்க. அப்புறம் மூணரை வருஷம் சிட்னி. எட்டாம் வகுப்புக்குத் திரும்பி வந்தோம். மொத்தம் ஒன்பது வருஷமும் சொச்சமும். தொடர்ந்துன்னு பார்த்தா நாலே முக்கால்." அவள் சிரிக்க முயன்றாள். "மூணு மாசம் குறையுது அத்தை. மூணே மூணு மாசம்."

ஏவ்ரிலுக்கும் அந்தக் கணக்கு தெரியும். பிரைடியைவிட நன்றாகவே தெரியும்.

"கீழ ஒரு கட்டம் இருக்கு பாரு," என்றாள். "நகரத்துல விடுதிப் பள்ளியில தங்கிப் படிச்சவங்களுக்கு, பெத்தவங்க வீடு கிராமத்துல இருந்தா, அந்த வருஷமும் கணக்குல சேரும்."

"நான் விடுதியில இல்லையே. அம்மாகூட சிட்னி மாரிக்வில்ல, மாடி வீட்டுல இருந்தேன். கீழ ரொட்டிக் கடை."

"ஊருக்கு எது தெரியுமோ அதுதான் நடந்தது."

ஊருக்குத் தெரிந்தது இதுதான்: பிரைடியின் அம்மா ஜனெலுக்குச் சிட்னியில் நல்ல வேலை, பெண்ணுக்கு விடுதிப் பள்ளி, அப்பா கிராண்ட் பண்ணையைப் பார்த்துக்கொண்டான். ஏவ்ரில் சொல்லி ஊர் நம்பியது. ஒன்பது வயதிலிருந்தே 'விடுதி எப்படி இருக்கு' என்று யாராவது கேட்டால் 'நல்லா இருக்கு' என்று சொல்லப் பிரைடி பழகியிருந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொஞ்ச காலம் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

ஏவ்ரில் தன் மைப்பேனாவைத் திறந்தாள். விடுதி என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டாள். மை காய்வதற்காகத் தாளை லேசாக ஊதினாள்.

"நீயே முத்திரை போட முடியாதா அத்தை? நீயும் சமாதான நீதிபதிதானே?"

"சொந்தக் குடும்பத்துக் காகிதத்துக்கு நான் சாட்சி நிக்கக் கூடாது. அது முறையில்ல." அவள் குரலில் உண்மையாகவே கண்டிப்பு இருந்தது. "மெர்ல்கிட்ட போவோம். இன்னிக்கு நூலகத்துல அவ உட்கார்ற நாள்."

"அதுக்கு முன்னால என் கட்டுரையைக் கேட்டுடு. ஏன் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன்னு எழுதணும்." பிரைடி எழுந்து நின்று வாசித்தாள். "எனக்கு ஒன்பது வயதானபோது என் குதிரை பிஸ்கட் என்னைக் கீழே தள்ளியது. இடது மணிக்கட்டு உடைந்தது, தலையிலும் அடி. டாக்டர் ஊரில் இல்லை. என் அத்தைதான் எனக்கு மாவுக்கட்டுப் போட்டு, மூன்று இரவு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் நினைவில்லை. அவர் கை மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கையாக நான் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்..."

கெட்டில் கூவியது. ஏவ்ரில் எழுந்து போய் அதை இறக்கினாள். இறக்கிய பிறகும் திரும்பவில்லை.

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. கிளம்பு, காத்து ஏறுது."

*

பண்ணையின் வாசல் கேட்டைத் தாண்டும்போது ஏவ்ரில் எப்போதும் போல இடது பக்கம் பார்க்காமல் ஓட்டினாள். வலது கம்பம் அவள் தாத்தா நட்ட மரக் கம்பம். இடது கம்பம் மட்டும் இரும்பு, எட்டு வருஷத்துப் பழசு.

நூலகத்தில் மெர்ல் டிரசீஸின் மேசை முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். முப்பது வருஷம் தபால் நிலையத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் மெர்ல். இப்போது வியாழன்தோறும் முத்திரையும் மைப்பெட்டியும் ஒரு தட்டு லேமிங்டன் கேக்குமாக உட்கார்ந்து, ஊராரின் காகிதங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாள்.

வரிசையில் துப்பாக்கி லைசென்ஸ் காகிதத்தோடு நின்ற கிழவர் நோயல் திரும்பிப் பார்த்தார். "என்ன மேட்ரன், டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டீங்களா? அப்படியே என் முட்டியையும் பார்க்கச் சொல்லுங்க."

"ஆறு வருஷம் பொறுங்க நோயல்."

"ஆறு வருஷத்துல முட்டி இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன்."

"அப்ப முட்டியை மட்டும் அனுப்பி வைங்க, பார்க்கிறேன்," என்றாள் பிரைடி. வரிசை சிரித்தது. ஏவ்ரிலின் முகத்திலும் பெருமை ஓடி மறைந்தது.

முறை வந்தது. மெர்ல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வசிப்புச் சான்றில் நின்றாள். பிறகு கட்டுரை. அதில் ஓரிடத்தில் அவள் விரல் அசையாமல் நின்றது. நிமிர்ந்து ஏவ்ரிலைப் பார்த்தாள்.

"பிரைடி கண்ணு, சுவத்துல பழைய விவசாயக் கண்காட்சிப் போட்டோவெல்லாம் மாட்டியிருக்கோம், போய்ப் பாரேன். ஏவ்ரில், நீ உள்ள வா."

புத்தகம் பைன்டு பண்ணும் சின்ன அறை. மெர்ல் கதவைச் சாத்தினாள்.

"இதுக்கு நான் முத்திரை போட மாட்டேன்."

"ஏன்?"

"கேக்குறியா? ஜனெல், பிரைடி, ரெண்டு பேரு தபாலையும் மூணரை வருஷம் மாரிக்வில் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினது யாரு? என் கையாலதானே எழுதினேன். மாடி வீடு, கீழ ரொட்டிக் கடை. விடுதி இல்ல ஏவ்ரில்."

ஏவ்ரில் தாளுக்குக் கை நீட்டினாள், மெர்ல் அதை விடவில்லை.

"ஒரு நாளாவது ஊர்ல வாயைத் திறந்திருக்கேனா? நீ விடுதின்னு சொன்னே, நானும் தலையாட்டினேன். தேநீர்க் கூட்டத்துல தலையாட்டுறது வேற. இது சத்தியக் காகிதம். முத்திரை என்னுது, பொய் உன்னுது. ரெண்டும் ஒரே தாள்ல வர முடியாது."

"மூணு மாசம் மெர்ல். மூணு மாசத்துக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கையை..."

"பொய்ச் சான்றுன்னு பின்னால தெரிஞ்சா அவளை எந்த மருத்துவக் கல்லூரியும் வாசல்ல சேர்க்காது. கடைசி வருஷத்துல தெரிஞ்சாலும் வெளியதான். கையெழுத்துப் போடறது அவ, நீ இல்ல." மெர்ல் தாளைத் திருப்பினாள். "பின்பக்கம் படிச்சியா? பாதுகாப்புக்காகக் குழந்தையோட வீட்டை விட்டுப் போக நேர்ந்திருந்தா, வெளிய இருந்த வருஷமும் கிராமத்துல இருந்ததாவே எடுத்துக்குவாங்க. என்ன நடந்ததுன்னு ஒரு பக்கம் எழுதணும்."

"எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் நடக்கல."

மெர்ல் தாள்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் நாலே முக்கால் மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். கட்டுரையில குதிரை வர்ற பாராவை நான் படிக்கலைன்னு வெச்சுக்கோ."

வெளியே வந்தபோது பிரைடி சுவரோரம் நின்றிருந்தாள். ஒரே படத்தின் முன்னால். அத்தை கூப்பிட்டும் உடனே திரும்பவில்லை.

வீடு வரும் வழி முழுக்க அவள் தன் போனில் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

பிரைடியை அவள் வீட்டில் இறக்கிவிட்டு ஏவ்ரில் மட்டும் தானியக் கிடங்குக்குப் போனாள். அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கிடங்கு அலுவலகத்தில் ஜனெல் தனியாக இருந்தாள். சல்லடைகளையும் எடைத் தராசையும் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையைக் காற்று பிடித்து உலுக்கியது.

"வருவீங்கன்னு தெரியும் அண்ணி. மெர்ல் போன் பண்ணினாங்க."

"அவளுக்கு என்ன அவசரம்?"

"அவங்களுக்கு இல்ல. எனக்கு." ஜனெல் துணியைக் கீழே வைத்தாள். "அந்த விடுதிக் கட்டத்துல குறி போட்டது நீங்கதானே? பிரைடி தானா அப்படிப் போட மாட்டா."

"நீ அவளைச் சிட்னிக்கு அனுப்பணும்னு பார்க்கிறே. அதான் குறுக்க நிக்கிறே."

"ஆமா, சிட்னிக்குப் போகணும்னுதான் நெனச்சேன். இந்த ஊரை விட்டு எங்கயாவது. ஆனா அவ டென்ஹோம்தான்னு முடிவு பண்ணிட்டா. அவ ஆசைக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்." அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். பழைய கவர் ஒன்றை எடுத்து வைத்தாள். "இதை எழுதி எட்டு வருஷம் ஆச்சு. மாரிக்வில் போன முதல் வாரம் எழுதினேன். வக்கீல்கிட்ட கொடுக்கறதுக்கு. கொடுக்கல."

ஏவ்ரில் அதைத் தொடவில்லை. தொடாமலேயே அதில் என்ன இருக்கும் என்று தெரியும்.

மே மாதக் கடைசி. கிளப்பிலிருந்து கிராண்ட் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்தான். நீச்சல் வகுப்பு முடிந்து காத்திருந்த பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தான். குழந்தை முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டின் இடது கம்பம் வேரோடு சாய்ந்தது. குழந்தையை ஏவ்ரில்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மணிக்கட்டு உடைந்திருந்தது. தலையில் அடி, இரண்டு நாள் பேச்சு குழறியது. அந்த நிலையில் குழந்தையை ஆம்புலன்ஸில் டென்ஹோம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். தலைமை நர்ஸுக்கு அது தெரியும். டென்ஹோமில் கேள்வி கேட்பார்கள். போலீஸ் வரும்.

அவள் அனுப்பவில்லை. மூன்று இரவு தானே உட்கார்ந்து கண்ணின் பாவையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: குதிரையிலிருந்து விழுந்தது.

ஒரு வாரத்தில் புதுக் கம்பம் நட்டாயிற்று. அடுத்த வாரம் ஜனெல் பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"அவளுக்கு அந்த வருஷமே மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு," என்றாள் ஜனெல். "குதிரைன்னு நீங்க சொன்னீங்க, நம்பினா. நானும் மாத்திச் சொல்லல. அப்பாவை வெறுக்க வேண்டாம்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"கிராண்ட் திருந்திட்டான். அஞ்சு வருஷமாத் தொடல. இப்பப் போய் ஊர் முன்னால..."

"ஊர் முன்னால இல்ல. கல்லூரியில மூணு பேர் படிப்பாங்க."

"இந்த ஊர்ல மூணு பேர் படிச்சா முந்நூறு பேர் படிச்ச மாதிரி."

ஜனெல் சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. "அண்ணி, ஒண்ணு ஞாபகம் இருக்கா? நீங்க சிட்னிக்கு வந்து கூப்பிட்டப்போ செப்டம்பர் மாசம். நான் அன்னிக்கே பெட்டி கட்டத் தயாரா இருந்தேன். நீங்கதான் சொன்னீங்க: வருஷப் பரீட்சை முடிச்சு, புது வருஷத்துல வா, அப்பத்தான் விடுதிப் பள்ளியை முடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும்னு."

ஏவ்ரிலின் விரல்கள் கைப்பையின் வாரை இறுக்கின.

"அன்னிக்கே வந்திருந்தா இன்னிக்கு அஞ்சு வருஷம் முழுசா ஆகியிருக்கும். அந்த மூணு மாசத்தை எடுத்துக்கிட்டது யாரு?"

கூரையின் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது.

"இந்தப் பக்கத்துக்கு ரெண்டு கையெழுத்து வேணும்," என்று கவரை அவள் பக்கம் நகர்த்தினாள் ஜனெல். "ஒண்ணு என்னுது, போட்டுட்டேன். இன்னொண்ணு, அன்னிக்குக் காயத்தைப் பார்த்த நர்ஸோடது. பதிவேட்டுல இருக்கறது உண்மை இல்லைன்னு அவங்க எழுதித் தரணும். அது இல்லாம என் வார்த்தையை யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிப் பதிவேடு, ஒரு பக்கம் நான். ஆஸ்பத்திரிப் பதிவேடுதான் ஜெயிக்கும். உங்க கையெழுத்து ஆச்சே."

"என்னை மாட்டி விடப் பார்க்கிறே."

"நீங்க மாட்டிக்கிட்டு எட்டு வருஷம் ஆச்சு அண்ணி." ஜனெலின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்போ கிராண்ட் வாயில புதினா மிட்டாய் வாசனை. கவனிச்சீங்களா?"

"இருமல்."

"அந்தக் காலத்துலயும் இருமல்னுதான் சொல்வீங்க."

ஏவ்ரில் எழுந்தாள். கவரை எடுத்துக் கைப்பையில் போட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்பில் போடவா, கையெழுத்துப் போடவா?

*

நான்கு மணிக்குப் புழுதி வந்துவிட்டது. முதலில் தூரத்துத் தானியக் கிடங்கு மறைந்தது, பிறகு கொட்டகை, பிறகு வேலி. ஏவ்ரில் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்தாள். பகலிலேயே விளக்குப் போட்டாள். மேசைமேல் மெல்லிய சிவப்புத் தூள் படிந்தபடியே இருந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது.

கைப்பை நாற்காலியில் கிடந்தது. அவள் ஒரு முறை கவரை எடுத்தாள், அடுப்பின் கதவைத் திறந்தாள். தணல் கண் சிமிட்டியது. கதவை மூடினாள்.

வெள்ளிக்கிழமை கைதட்டிய நாற்பது முகங்களும் ஒவ்வொன்றாக வந்து போயின. கையெழுத்துப் போட்டால் அவள் வைத்திருக்கும் முத்திரையை அரசாங்கம் திரும்பக் கேட்கும். நாற்பது வருஷ நர்ஸ் வேலைக்கு ஊர் கொடுத்த பாராட்டுப் பட்டயம் கூடத்தில் தொங்குகிறது. அதைக் கழற்ற வேண்டிவரும். கிராண்டைப் போலீஸ் கூப்பிடலாம். அம்மா செத்தபோது கிராண்டுக்கு ஏழு வயது. அவனுக்குச் செருப்பு வார் போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவன் விழும்போதெல்லாம் ஓடிப் போய்த் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள்.

கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். பெண் மட்டும் டாக்டராக மாட்டாள்.

நான்கு இருபது. கதவு திறந்தது. பிரைடி கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் சிவப்பு.

"இந்தப் புழுதியில எதுக்குடி வந்தே? போன் பண்ணக் கூடாதா?"

"அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. உன்கிட்ட ஒரு கவர் இருக்குன்னு சொன்னாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். அத்தையைக் கேளுன்னாங்க."

ஏவ்ரில் கைப்பையைப் பார்த்தாள். பிரைடியும் பார்த்தாள். ஆனால் அதை எடுக்க வரவில்லை. எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் குறி போட்ட சான்றை மேசையில் வைத்தாள். அவள் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு நீ சொல்றதுல கையெழுத்துப் போடறேன். எதுவா இருந்தாலும்."

"கேளு."

பிரைடி தன் போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் தள்ளினாள். நூலகச் சுவரில் இருந்த போட்டோவைப் படம் பிடித்திருந்தாள். கண்காட்சி மைதானம். ஒரு சிறுமி மட்டக்குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாள். பிரைடி இல்லை, வேறு யாரோ. குதிரையின் கழுத்தில் நீலப் பரிசு நாடா. இடது காதின் நுனி கிழிந்திருக்கிறது.

"இது பிஸ்கட்தானே? நாய் கடிச்ச காது."

ஏவ்ரில் கண்ணாடியைத் தேடுவது போலச் சட்டைப் பையைத் தடவினாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

"நாடாவுல போட்டிருக்கு பாரு. 2015 மார்ச். மிஸஸ் டிரசீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அந்த வருஷம் ஜனவரியிலயே தீவனம் இல்லாம நாம அதை வித்துட்டோம்னு சொன்னாங்க. என்னைத் தள்ளினதாலதான் வித்தோம்னு நீ சொன்னே." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஏவ்ரிலுக்குத் தாங்கியிருக்கும். "நான் விழுந்தது மே மாசம்."

கடிகாரம் நான்கு முப்பதைத் தாண்டியது. நூலகத்துக்குப் போக ஐந்து நிமிஷம் போதும். இந்தப் புழுதியில் பத்து நிமிஷம்.

"நான் எந்தக் குதிரையிலேர்ந்து விழுந்தேன், அத்தை?"

ஏவ்ரில் பாஸ்கோவின் முதுகு, அந்தச் சமையலறையில் முதல் தடவையாக, நாற்காலியின் பின்பலகையில் போய்ச் சாய்ந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள். கவரை எடுத்து, காலையில் தான் குறி போட்ட தாளின் பக்கத்தில் வைத்தாள். மைப்பேனாவையும் எடுத்தாள். சொல்ல வாயைத் திறந்தாள்.

ஜன்னலில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் தெரிந்தன. சிவப்புப் புழுதிக்குள், பாதையில், கேட்டின் பக்கம். கிராண்டின் பிக்கப் வண்டி. வர வேண்டியதைவிட வேகமாக வந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபடி நேராகி, மறுபடி ஒதுங்கி.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. இரும்புக் கம்பத்தில் தகரம் நீளமாக உரசிக் கிழியும் சத்தம்.

பிரைடி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய வலது கை, அவள் அறியாமலேயே, இடது மணிக்கட்டைப் போய் இறுகப் பற்றிக்கொண்டது.